நல்லதை விடுங்க, குறையைச் சொல்லுங்க

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த அக்கா காய்கறிக் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரருக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். மற்றவர்கள் முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பார்கள், வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். அக்கா காயைத் தொடவே மாட்டார். கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக் கேட்பார்:

"தம்பி, இதில குறை என்ன?"

"ஒரு குறையும் இல்லையக்கா. நேற்றுத்தான் பிளேனில வந்து இறங்கினது."

"நல்லதை விடுங்க மனே. குறையைச் சொல்லுங்க."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் வராது. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார். பின்னால் வரிசை நீளும். கடைக்காரர் கல்லாவைப் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அடியில கிடக்கிறது முத்தல் அக்கா. மேல இருக்கிறதை எடுங்கோ" என்பார். அக்கா மேலே இருப்பதை எடுப்பார். அவருக்குப் பின்னால் நிற்கிற நாங்களும் மேலே இருப்பதை எடுப்போம். அந்தக் கடையில் அவருக்கு அடுத்த ஆளாக நிற்பதற்கென்றே சிலர் வாசலில் காத்திருந்தார்கள் என்றால் பகிடி என்பீர்கள். நானும் காத்திருந்திருக்கிறேன்.

அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எப்படியோ அவர் கண்ணில் பட்டு, "தம்பி, நீங்க எழுதினதில குறை என்னெண்டு தெரியுமா?" என்று தொலைபேசி வரும். அது நீளமான அழைப்பாக இருக்கும்.

மட்டக்களப்புக்காரி, ‘மகனே’ அவர் வாயில் ‘மனே’ என்றுதான் வரும். டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற மகனோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போவார். மொன்றியலுக்கு வந்த புதிதில் பாதிரியாரிடமே, "ஃபாதர், இந்தக் கோயில்ல குறை என்ன?" என்று கேட்டாராம். அக்கா திருச்சபையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று பாதிரியார் பயந்து கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, "இடப்பக்கம் ஹீற்றர் வேலை செய்யாது" என்றாராம். அன்றிலிருந்து அக்கா வலப்பக்கம். வைத்தியரிடம் போனால் மாத்திரையின் நன்மையைக் கேட்கமாட்டார். அது செய்கிற கெடுதலை முதலில் கேட்பார். மற்ற நோயாளிகளை ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிற அந்த வைத்தியர் அக்காவுக்கு மட்டும் கதிரையை இழுத்துப்போட்டு விளங்கப்படுத்துவார். ஒருவரும் தன்னிடம் கேட்காத கேள்வியை யாராவது கேட்டால் மனிதருக்கு ஒரு சந்தோஷம் வந்துவிடுகிறது.

ஆனால் இதெல்லாம் கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருப்பதற்காக அவர் செய்துகொண்டவை. அக்காவின் உண்மையான தொழில், தொழில் என்றால் ஒரு சதமும் வாங்காத தொழில், மாப்பிள்ளை விசாரிப்பது.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ கொழும்பிலோ பெண் வைத்திருக்கிறவர்கள், மொன்றியலில் இன்னார் மகன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டால் முதலில் அக்காவுக்குத்தான் ரெலிபோன் எடுப்பார்கள். ஐயர் பத்துப் பொருத்தம் பார்ப்பார், பதினோராவதை அக்கா பார்ப்பார். பெடியனின் வீட்டுப் பக்கம் போகவே மாட்டார். அவன் உடுப்புத் தோய்க்கிற காசு மெஷின் கடைக்குப் போவார். அவனோடு அறையில் இருந்தவனைத் தேடிப் பிடிப்பார். அவன் பால் வாங்குகிற மூலைக்கடையில், அதுதான் டெப்பனரில், நின்று தானும் ஒரு பால் வாங்குவார். எங்கே போனாலும் அதே கேள்வி, அதே கைப்பை, அதே மௌனம். திரும்பி வந்து ரெலிபோனில் ஒரே ஒரு வசனம் சொல்லுவார்.

"பெடியன் நல்லவன். குறை, காலைமையில எழும்பமாட்டான்."

"பெடியன் நல்லவன். குறை, தாயைக் கேக்காம ஒரு சட்டை வாங்கமாட்டான்."

கூட்டிச் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார். ஒருமுறை ஒரு பெடியனைப் பற்றி எங்கே கேட்டும் ஒரு குறையும் கிடைக்கவில்லை. பெண்வீட்டார் துள்ளிக் குதித்தார்கள். அக்கா, "எனக்கு இந்த ஆளைப் பத்திச் சொல்ல ஒண்ணாது" என்று போனை வைத்துவிட்டார். "குறை இல்லாதவன் எண்டா மறைக்கத் தெரிஞ்சவன் மனே" என்று பிறகு என்னிடம் சொன்னார். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அக்கா சரியா பிழையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தப் பெடியன் அதற்குப் பிறகு அக்காவைக் கண்டால் தெருவின் மறுபக்கத்துக்கு மாறிவிடுவான். மாறும்போதும் புன்னகைத்துக்கொண்டுதான் மாறுவான், அதுவும் யோசிக்கவேண்டிய விஷயம்தான்.

என்னையும் அக்கா விசாரித்தவர். என் மனைவியின் வீட்டார் கொழும்பில் இருந்து கேட்க, அக்கா விசாரித்து, ஒரு வசனம் சொல்லி, அதற்குப் பிறகும் கலியாணம் நடந்தது. அந்த வசனம் என்ன என்பதுதான் பல வருடமாக என்னைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி. குறைகள் என்னிடம் நல்ல கையிருப்பு. அதில் எதைத் தெரிந்தெடுத்தார்? மனைவியைக் கேட்டால், "அப்பாவோடதான் கதைச்சவ, எனக்குத் தெரியாது" என்பாள். அக்காவைக் கேட்டால், "அது கேட்டவங்களுக்குச் சொன்னது, உங்களுக்கில்ல" என்று ஒரு தட்டு ரோல்ஸை நீட்டுவார்.

அந்த ரோல்ஸ் பற்றி ஒன்று சொல்லவேண்டும். உருளைக்கிழங்கும் மீனும் வைத்து, பொன்னிறமாகப் பொரித்து, பார்க்க வெகு அழகாக இருக்கும். உப்பு மட்டும் இருக்காது. எங்கள் கட்டடம் முழுவதற்கும் இது தெரியும். "குறை என்ன?" என்று அக்கா இதற்கும் கேட்பார். மொன்றியலில் அந்தக் கேள்விக்கு எல்லோரும் பொய் சொன்ன ஒரே விஷயம் அது. "அருமை அக்கா" என்று மென்று விழுங்குவோம். அக்கா கைப்பையோடு காத்து நிற்பார். நாங்களும் விடாமல் அருமை, அருமை என்போம்.

இனிக் கரவன் கதைக்கு வருகிறேன்.

நான் அப்போது டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு பெட்டி போடுகிற சமையல்கூடத்தில் வேலை. கூட வேலை செய்த ஒரு கியூபெக்காரர் ஓய்வு பெறப்போகிற சமயம், ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் தன்னுடைய பழைய கரவனை, வண்டியில் கொழுவி இழுக்கிற சக்கர வீட்டை, பற்றிக் கதைத்தார். ஏரி. காலைப் பனிப்புகார். துள்ளுகிற மீன். பக்கத்தில் மனைவி கோப்பி ஊற்றித் தருவாள். நான் மனைவி கோப்பி ஊற்றுவதைக் கற்பனை பண்ணின இடத்திலேயே விழுந்துவிட்டேன். ஒரு குறை கேட்கவில்லை. அந்த வாரமே அதை ஒரு நண்பனின் வான் வண்டியில் கொழுவி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தினேன். பக்கத்து டெப்பனரின் பெயர்ப்பலகை முழுவதும் மறைந்துபோனது.

மனைவி பல்கனியில் நின்று பார்த்தாள்.

"என்னப்பா அது?"

"கரவன்."

"ஆற்ற?"

"எங்கட."

உள்ளே போய்விட்டாள். பிறகு பிரஷர் குக்கர் மூடுகிற சத்தம் கேட்டது. என் மனைவி கோபத்தில் கத்தமாட்டாள், மூடுவாள். கரவனின் கதவு இடுப்பால் ஒரு இடி கொடுத்தால்தான் திறக்கும் என்பதும், மழை பெய்தால் உள்ளே நனைந்த நாய் மணம் வரும் என்பதும் பிறகு தெரியவந்தவை. அவளுக்கு நான் சொல்லவில்லை. மழை சொன்னது.

ஆனால் நான் அதை வாங்கியதில் ஒரு நியாயமும் இருந்தது. மாமா.

மனைவியின் அப்பா. மாமி கொழும்பில் இறந்த பிறகு தனித்துப்போனவரை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டோம். பனிக்காலம் தொடங்கும்போது வந்து இறங்கியவர், பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்தார். பல்கனியில் தமிழ்ச் சனலுக்கென்று ஒரு டிஷ் பூட்டியிருந்தோம். காலையிலிருந்து படுக்கும்வரை ரீவி ஓடவேண்டும். என்ன ஓடுகிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. நிறுத்தினால் மட்டும், "ஏன் பிள்ளை, ஆக்கள் எல்லாம் எங்கை?" என்று கேட்பார். மாமியைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். பனி போனது, மரங்கள் துளிர்த்தன, பக்கத்துக் கிரேக்கர்கள் வாசலில் கதிரை போட்டார்கள், மாமா படி இறங்கவில்லை. இப்படியே இருந்தால் கால்கள் நடையை மறந்துவிடும், எங்கேயாவது வெளியே கொண்டுபோங்கள் என்று வைத்தியர் சொன்னார். கோயில், பூங்கா, கடை என்று மனைவி கெஞ்சிப் பார்த்தாள். எதற்கும் அவர் எழும்பவில்லை. "அப்பா உந்தக் கதிரையோடையே போயிடுவாரோ எண்டு பயமாக் கிடக்கு" என்று ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். வெங்காயத்துக்கு அவள் அவ்வளவு அழுகிறவள் இல்லை.

அதனால் கரவனுக்கு ஒரு தீர்ப்பு வந்தது. "அப்பா வந்தா நானும் வாறன். அவர் வரேல்லையெண்டா உந்தப் பெட்டியை வித்துப்போட்டு வாங்கோ."

நான் மாமாவிடம் போனேன். ஏரி என்றேன். மீன் என்றேன். மாமா திரும்பாமலே கேட்டார்:

"அதுக்குள்ள ரீவி இருக்கோ?"

"இருக்கு மாமா."

"எங்கட ரீவியோ?"

ஆகவே கரவனுக்கு ஒரு டிஷ் வேண்டும். மாமாவைக் கதிரையிலிருந்து கிளப்ப எங்களுக்கு இருந்த ஒரே நெம்புகோல் அதுதான்.

டிஷ் வாங்க நான் தனியே போக மனைவி விடவில்லை. "அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. தனியாப் போனா கடையையும் வாங்கிக்கொண்டு வருவியள்."

கடையில் மூன்று வகை இருந்தது. ஒன்று, கரவனின் கூரையில் இருக்கிற வெள்ளைக் குமிழ். இட்டலிச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி. பொத்தானை அழுத்தினால் தானே சுழன்று வானத்தில் செய்மதியைத் தேடிப் பிடித்துவிடும். இரண்டாவது, கூரையில் படுத்துக்கிடந்து, உள்ளேயிருந்து கைபிடியைச் சுற்றினால் எழும்புகிற டிஷ். மூன்றாவது, சாதாரண டிஷ் ஒன்று, மூன்று கால் தாங்கியில். நிலத்தில் வைத்து, வயர் இழுத்து, நாமே திருப்பித் திருப்பிச் செய்மதியைத் தேடவேண்டும். விற்பனைக்கார இளைஞன் அதன் பக்கம் கையைக்கூடக் காட்டவில்லை. இட்டலிச் சட்டியைப் பற்றி அவன் கதைக்கக் கதைக்க எனக்கு வாய் ஊறியது. பணப்பை பாதி வெளியே வந்துவிட்டது.

"இதில குறை என்னெண்டு கேளு மனே" என்றார் அக்கா.

என் பிரெஞ்சில் கேட்டேன். ஒன்றுமே இல்லை என்றான்.

"இந்தத் தம்பிட கரவன்ல எது இரிக்கெண்டு கேளு."

கேட்டேன். அவனிடம் கரவன் இல்லை.

அக்கா என் பணப்பையைப் பார்த்தார். அது தானே உள்ளே போனது. "பொம்பிளையக் கண்ணால காணாத தரகர் இவர். வாங்க, இருக்கிற வீட்டில போய்க் கேப்பம்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், ஒரு பெரிய பெட்டி ரோல்ஸோடு அக்கா என் காரில் ஏறினார். நகரத்துக்கு வடக்கே, ஏரிக்கரையில், கரவன்கள் வரிசையாக நிற்கிற முகாம். நாங்கள் கரவனைக் கொண்டுபோக இருந்ததும் அங்கேதான். அக்காவுக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்கள் மூன்று: பொன்ஜூர், மெர்சி, புறொப்ளம். டிஷ் இருக்கிற ஒவ்வொரு கரவனின் முன்னாலும் நின்று, பெட்டியைத் திறந்து நீட்டி, "பொன்ஜூர்" என்பார். பிறகு விரலால் டிஷ்ஷைக் காட்டி, "புறொப்ளம்?" என்பார். பிறகு கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கியூபெக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு கொட்டத் தொடங்கினார்கள். சாய்வுக் கதிரையில் கிடந்த மனிதர்கள் எழும்பி வந்து கையை விரித்துக் கதைத்தார்கள். நான் பாதி விளங்கி, அதில் பாதியை அக்காவுக்குச் சொன்னேன்.

இட்டலிச் சட்டிக்காரர் சொன்னது: இது பிரெஞ்சுச் சனல்கள் வருகிற செய்மதியை மட்டும்தான் தேடும். உங்கள் தமிழ்ச் சனல் வேறொரு செய்மதியில் வருகிறது, அது வானத்தில் இன்னும் தாழ, பதிவாக நிற்கிறது, அதை இதற்குத் தெரியாது.

"தன்ட ஊர்ப் பொம்பிளைதான் வேணுமெண்டு நிக்குது" என்றார் அக்கா. "விடுங்க."

கைபிடிக்காரி வெயிலில் தக்காளி மாதிரிச் சிவந்திருந்தாள். டிஷ் கூரையில் பூட்டியிருப்பதால், மரம் மறைக்காத வெட்டையில்தான் கரவனை நிறுத்தவேண்டும், உள்ளே இருந்தால் அவிந்துபோவோம் என்றாள். அக்கா மாமாவை நினைத்திருக்கவேண்டும். தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

கடைசியில் ஒரு கிழவனும் கிழவியும். மூன்று கால். கிழவன், "ஒரு குறையும் இல்லை" என்றார். கரவனுக்குள்ளிருந்து கிழவி கத்தினாள். குறைகள் வரிசையாக வந்தன. ஒவ்வொருமுறையும் அதைத் திருப்பிப் பிடிப்பதற்குள் விவாகரத்து அளவுக்குச் சண்டை வரும். காற்றடித்தால் விழும். பக்கத்து நாய் வயரில் தடுக்கும். பிள்ளைகளின் பந்து படும். யாராவது ஒருவர் வெளியே குந்தியிருந்து அதைக் காவல் காக்கவேண்டும், அதனால்தான் இந்தக் கிழவன் பகல் முழுக்க வெளியே கிடக்கிறான்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கடைசியாச் சொன்னதைத் திருப்பிச் சொல்லு மனே."

"ஒராள் வெளியில இருந்து பாத்துக்கொண்டே இருக்கவேணுமாம் அக்கா."

கிழவன் ரோல்ஸைக் கடித்துவிட்டு, எழும்பி உள்ளே போய், உப்புப் போத்தலோடு வந்தார். அக்கா அதைக் காணவில்லை, அல்லது காணாத மாதிரி இருந்தார். பெட்டியை மூடினார்.

"இதையே வாங்குங்க."

"அக்கா, இதுக்குத்தானே குறை கூட!"

"ஓம். எல்லாம் என்னெண்டு தெரியும்தானே."

அந்த ஆடியில், நண்பன் தன் வான் வண்டியில் கரவனை இழுத்துவர, நாங்கள் காரில் புறப்பட்டோம். "ரீவி வராட்டி உடன திரும்பிடவேணும்" என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் மாமா காரில் ஏறினார். அக்கா முன்சீற்றில், மடியில் ரோல்ஸ். முகாமில் மேப்பிள் மரங்களுக்குக் கீழே நல்ல நிழலாகக் கரவனை நிறுத்தினோம். மாமா உள்ளே யன்னலோரத்தில் இருந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. மனைவி ரீவிக்கு முன்னால், நான் வெளியே டிஷ்ஷோடு.

இந்த இடத்தில் என் மூளையைப் பற்றிச் சொல்லவேண்டும். தமிழ் எங்கிருந்து வரும்? ஊரிலிருந்துதான். ஊர் எந்தப் பக்கம்? கிழக்கு. நான் டிஷ்ஷைக் கிழக்கே திருப்பி வைத்தேன். யன்னலுக்குள்ளிருந்து மாமாவும், "ஓம் தம்பி, ஊர் அந்தப் பக்கம்தான்" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

"வருதோ?"

"இல்லை. நீலமா நிக்குது."

"இப்ப?"

"நீலம்."

"இப்ப?"

"நீலமெண்டால் நீலம்தானப்பா! எத்தினை தரம் சொல்லுறது!"

"நீ வடிவாப் பார்!"

"நீங்கள் வடிவாப் பிடியுங்கோ! வாங்கேக்க இருந்த உசார் இப்ப எங்கை?"

பின்னேரமாகிவிட்டது. எதிர்க் கரவனில் அதே மூன்று கால் டிஷ் கிழவனும் கிழவியும் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். அவர்களின் ரீவி அன்று சும்மா கிடந்தது. கிழக்கு வானத்தை ஒரு அங்குலம் விடாமல் துழாவிவிட்டேன். அங்கே எங்களுக்கென்று ஒன்றும் இருக்கவில்லை.

உள்ளே மாமா எழும்பினார். "பிள்ளை, நான் அப்பவே சொன்னனான். வீட்டை போவம்."

 மனைவி ரீவியை நிறுத்தினாள். மேசையில் கிடந்த கார்த் திறப்புக் கொத்தை எடுத்தாள். மாமாவை இனிமேல் எதைச் சொல்லியும் அந்தக் கதிரையிலிருந்து கிளப்ப முடியாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு வாயில் ஒரு பகிடியும் வரவில்லை என்றால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

அக்கா கரவனுக்குள் ஏறினார். மாமாவுக்கு முன்னால் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்தார்.

"ஐயா, உங்கட வீட்டு ரீவியில குறை என்ன?"

"வீட்டு ரீவியிலயோ? அதில என்ன குறை. நல்லா வேலை செய்யுது."

"நல்லதை விடுங்க ஐயா."

அக்கா காத்திருந்தார். ஏரியில் யாரோ குதிக்கிற சத்தம் கேட்டது. மாமா யன்னலைப் பார்த்தார், தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"குறையெண்டால்... பனிக்காலத்தில பின்னேரம் கொஞ்ச நேரம் வெயில் வரும் பாருங்கோ. அந்த நேரம் பாத்து டிஷ்ஷின்ர நிழல் வந்து நேரே என்ர முகத்தில விழும். வெயில் வாற திசைக்கு நேரே கொண்டுபோய் வைச்சிருக்கிறான் பூட்டினவன்."

அக்கா திரும்பி வெளியே என்னைப் பார்த்தார். பார்த்தது மட்டும்தான். நான் திரும்பிச் சூரியனைப் பார்த்தேன். கிழக்கே அல்ல, நேர் எதிரே, மேற்கே நின்றது. டிஷ்ஷைத் தூக்கி அந்தப் பக்கம் திருப்பினேன்.

"நீலம்" என்றாள் மனைவி, ரீவியைத் திரும்பவும் போட்டுவிட்டு.

"தம்பி!" மாமா யன்னலால் தலையை நீட்டினார். "அது ஆடி மாத வெயிலெல்லோ. பனிக்கால வெயில் உதில விழாது. இடப்பக்கம். இன்னும் இடப்பக்கம். சீ, இன்னும் பதிவா விடும். உப்பிடியோ பிடிக்கிறது?"

கதவு இடுப்பால் இடித்தால்தான் திறக்கும் என்று சொன்னேன் அல்லவா? மாமா இடித்தார். படியால் இறங்கி வந்தார். டிஷ்ஷின் இரண்டு காதையும் பிடித்தார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, வானத்தில் ஒரு இடத்தைப் பார்த்தார். ஒரு பனிக்காலம் முழுவதும் மனிதர் ரீவி பார்த்துக்கொண்டிருந்தார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் வெயில் பார்த்திருக்கிறார்.

"இஞ்ச மரம் மறைக்குது. தூக்கும்."

தூக்கினேன். அவர் முன்னால், நான் பின்னால், வயர் எங்களுக்குப் பின்னால். மரங்களைத் தாண்டி, மண்ணில் இறங்கி, ஏரியின் கரைக்கே போய்விட்டோம். வயர் இழுபட்டு நின்ற இடத்தில் மூன்று காலையும் ஊன்றினோம். மாமா டிஷ்ஷை இடப்பக்கம் ஒரு மயிரிழை திருப்பினார்.

"வருது!" மனைவியின் குரல். "வருது! வருது! அப்பா அசையாதேங்கோ! ஒருத்தரும் அசையாதேங்கோ!"

மேப்பிள் மரங்களுக்குள்ளிருந்து ஒரு நகைக்கடை விளம்பரம் தமிழில் கேட்டது. எதிர்க் கரவனில் கைதட்டினார்கள்.

"வாங்கோ மாமா, உள்ளுக்கு இருந்து பாப்பம்" என்றேன்.

அதே நேரம் எங்கிருந்தோ ஒரு பழுப்பு நாய் வயரை முகர்ந்துகொண்டு வந்தது. அக்கா கரவன் படியில் நின்றபடி கேட்டார்: "ஐயா உள்ளுக்குப் போனா இத ஆர் பாக்கிறது?"

மாமா நாயைப் பார்த்தார். டிஷ்ஷைப் பார்த்தார். "பிள்ளை, ஒரு கதிரை கொண்டு வா."

அந்த விடுமுறை முழுவதும் மாமா ஏரிக்கரையில்தான் இருந்தார். நாயைத் துரத்த எழும்பி நடந்தார். பிள்ளைகளின் பந்தை எடுத்துக் கொடுக்க நடந்தார். காற்று எழும்பினால் கல் பொறுக்கிவந்து மூன்று காலுக்கும் முட்டுக்கொடுத்தார். எதிர்க் கிழவனும் தன் கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார். இரண்டு பேரும் அவரவர் மொழியில் காற்றைத் திட்டினார்கள். கரவனுக்குள் எங்கட ரீவி தன்பாட்டில் யாருமில்லாமல் தமிழ் பேசிக்கொண்டிருந்தது.

"அக்கா, இதுக்குத்தானே அந்தக் குறையைத் தெரிஞ்செடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"எனக்கு டிஷ்ஷப் பத்தி என்ன மனே தெரியும்?" என்று ரோல்ஸ் பெட்டியை நீட்டினார்.

மறுநாள் பின்னேரம் நான் மாமாவுக்குப் பக்கத்தில் மண்ணில் இருந்தேன். அவர் முகம் தெளிந்திருந்தது. பல வருடக் கேள்வியைக் கேட்க இதைவிட நல்ல சமயம் வராது.

"மாமா, கலியாணத்துக்கு விசாரிக்கேக்க அக்கா என்னைப் பற்றி என்ன குறை சொன்னவ?"

மாமா வாய்க்குள் சிரித்தார். "கொம்யூனிகேஷன் கடையில நிண்டு போன் கதைச்சனான். லைன் இரையுது. ‘பெடியன் நல்லவன். குறை, செத்தவீட்டிலயும் பகிடி விடுவான்’ எண்டு சொன்னவ."

எந்தச் செத்தவீடு என்று எனக்குத் தெரியும். அங்கே இறந்தவரின் தம்பியே சிரித்துவிட்டு வெளியே ஓடினவர். ஆனால் அக்கா அதை எங்கே விசாரித்துப் பிடித்தார் என்பது இன்றுவரை தெரியாது.

"எனக்கெண்டால் விருப்பமில்லை" என்றார் மாமா. "இது சரிவராது, வேற பாப்பம் எண்டு மாமியிட்டச் சொன்னன். அவ கேக்கேல்லை. ‘செத்தவீடு எங்கட வீட்டிலயும் வரும்தானே. அண்டைக்குச் சிரிக்கப் பண்ண ஒராள் வேண்டாமோ’ எண்டு கேட்டவ."

மாமியைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  எனக்கு வாயில் ஒரு பகிடி வந்து நின்றது. சொல்லலாமா என்று யோசித்தேன். மாமியே சிபாரிசு செய்திருக்கிறா என்ற துணிச்சலில் சொன்னேன்:

"மாமி ஏமாந்திட்டா மாமா. நான் செத்தவீடு இல்லாத நாளிலயும் விடுவன் எண்டு அக்கா சொல்லாமல் விட்டிட்டா."

மாமா சிரித்தார். கதிரை ஆட, வயிறு ஆடச் சிரித்தார். கண்ணைத் துடைக்கப் போன கை டிஷ்ஷில் பட்டு அது திரும்பிவிட்டது.

"ஆரப்பா அது டிஷ்ஷில கை வைச்சது!" கரவனிலிருந்து மனைவி கத்தினாள். "நீலமாப் போச்சு!"

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் போனோம். மாமாதான் திகதி கேட்பார்.

பிறகு அக்காவின் மகன் நகரத்து ஓரத்தில், இல்-பிசார் தீவில் வீடு வாங்கிக்கொண்டு போனான். வீடு விற்கிறவனிடம் அக்கா கேட்ட கேள்வியை நான் சொல்லத் தேவையில்லை. அவன் தயங்கித் தயங்கி, "இங்கே பஸ் குறைவு" என்றானாம். மகனிடம் கார் இருந்தது, வாங்கினார்கள். அக்காவுக்குத்தான் பஸ் இல்லை. எங்கள் காய்கறிக் கடையில் முருங்கைக்காய் திரும்பவும் முத்தலாக வரத் தொடங்கியது.

ஒருநாள் ரொறன்ரோவிலிருந்து எனக்கு ஒரு பெண்குரல் ரெலிபோன் எடுத்தது. தங்கள் மகளுக்கு அக்காவின் மகனைப் பேசியிருக்கிறார்களாம்.

"பெடியனைப் பற்றி விசாரிச்சாச்சுத் தம்பி. தாய்க்காரியைப் பற்றித்தான் கேக்கிறன். பிள்ளை மாமியாரோடயெல்லோ இருக்கப்போகுது. நீங்கள் கீழ்வீட்டில இருந்தனீங்களாம். ஆள் எப்பிடி?"

"தங்கமான மனிசி" என்றேன். ஏரியைப் பற்றிச் சொன்னேன். மாமாவைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது சரி. குறை என்ன?" என்றார்.

"குறையோ? ஒண்டும்..." என்று தொடங்கினேன். எதிர்ப்பக்கம் சத்தம் இல்லை. அந்த அம்மா காத்திருந்தார். அவர் கையிலும் ஒரு கைப்பை இருக்கும் என்று எனக்குப் பட்டது. குறை இல்லை என்று நான் சொன்னால் இந்தச் சம்பந்தம் என்ன ஆகும் என்பது எனக்கு அக்காவாலேயே தெரியும்.

"அவ செய்யிற ரோல்ஸுக்கு உப்புக் காணாது" என்றேன்.

எதிர்ப்பக்கம் பேனையால் எழுதுகிற சத்தம் கேட்டது.

"உப்புத்தானே?" என்றது குரல். "இஞ்ச எல்லாருக்கும் பிரஷர் தம்பி, உப்பு ஆகாது."

கலியாண வீட்டில் ரோல்ஸ் அக்கா செய்தது. பெண்வீட்டுக்காரர் இரண்டாம்முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.